பதினெட்டு ஹெட் நட்டுகள்

இறுகிப்போன போல்ட்டைக் கழற்றும்போது செய்யக் கூடாதவை என்று நோட்டில் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். ஒன்று, எடுத்த எடுப்பில் கழற்றும் பக்கம் திருப்பக் கூடாது. முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அசைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு, கொஞ்சம் லூசாக உட்காரும் ஸ்பேனரில் காகிதம் மடித்துச் செருகிச் சமாளிக்கக் கூடாது. மூன்று, கோபமாக இருக்கும்போது ஸ்பேனரில் பைப்பை மாட்டி இழுக்கக் கூடாது. முதல் இரண்டும் பாலிடெக்னிக்கில் படித்தவை. மூன்றாவதை அப்பாவின் வண்டியில் தெரிந்துகொண்டேன்.

அந்த வண்டியை எங்கள் பக்கத்தில் செயின் டிராக்டர் என்பார்கள். டயர் கிடையாது. இரண்டு பக்கமும் இரும்புப் பட்டைகள் கோத்த சங்கிலி, முன்னால் மண் தள்ளும் பிளேடு. அப்பா பல வருடம் அடுத்தவர் வண்டிக்கு ஆபரேட்டராக இருந்தார். நான் ஒன்பதாவது படிக்கும்போது ஏலத்துக்கு வந்த ஒரு பழைய வண்டியைச் சொந்தமாக எடுத்தார். விக்கிரவாண்டிக்கும் கூட்டேரிப்பட்டுக்கும் நடுவில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லைகள் எல்லாம் வீட்டு மனைகளாக மாறிக்கொண்டிருந்த நேரம் அது. எங்கள் காலனியில் யாருக்கும் கைப்பிடி நிலம் கிடையாது. ஆனால் ரோட்டோரம் பஸ்ஸில் போகும்போது, இது அப்பா நிரவியது, இதுவும் அப்பா நிரவியது என்று நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டே போவேன்.

பாலிடெக்னிக்கில் நான் இரண்டாம் வருடம் இருந்தபோது, விக்கிரவாண்டியைத் தாண்டி ஒரு மனையில் வேலை செய்துகொண்டிருந்தார். வண்டி கரும்புகை விடுகிறது என்று ஒரு நாள் காலையில் இரண்டாம் சிலிண்டரின் டீசல் நாசிலைக் கழற்றினார். திண்டிவனத்தில் கொடுத்து டெஸ்ட் செய்துவர வேண்டும். நாசில் இருந்த துளைக்குள் மண் விழாமல் இருக்கத் தோள் துண்டில் ஒரு மூலையைக் கிழித்துச் சுருட்டி அடைத்தார். கை கழுவக் கேனை எடுக்கக் குனிந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். பக்கவாதம். நாற்பது நாள் ஆஸ்பத்திரியிலும் வீட்டிலுமாகக் கிடந்து இறந்தார். வண்டி அந்த மனையின் ஓரத்திலேயே நின்றது. அம்மா மேலே தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டினாள். ஐந்து மழைக்காலம் போயிற்று.

போன வருடம் அந்த மனை கைமாறியது. புது ஆள் தன்மையானவர். போனில், "உங்க அப்பா வண்டின்னு சொன்னாங்க. பொங்கல் முடிஞ்சி காம்பவுண்டு கட்ட ஆரம்பிக்கறேன்மா. அதுக்குள்ள எடுத்துட்டீங்கன்னா நல்லது" என்றார். சங்கிலியில் துரு ஏறி, எஞ்சினும் அசையாமல் நிற்கும் வண்டியை முழுசாக ஏற்றிக்கொண்டு போக யாரும் தயாராக இல்லை. விசாரித்தவர்கள் எல்லாரும் பழைய இரும்புக்காரர்கள். அங்கேயே கேஸ் வைத்துத் துண்டு துண்டாக வெட்டி லாரியில் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார்கள்.

"மாடு அறுக்கறா மாதிரி அதை அறுக்க வுட மாட்டேன்" என்றாள் அம்மா.

"வேற இன்னாம்மா பண்றது?"

"நீ எதுக்குப் படிச்ச? ஸ்டார்ட் பண்ணு. ஒரே ஒரு தடவ ஸ்டார்ட் ஆயி, தானா நடந்து நம்ம வூட்டாண்ட வந்து நிக்கட்டும். அப்புறம் அது ஓடுனாலும் சரி, ஓடாட்டியும் சரி."

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலி இடம் உண்டு. மனையிலிருந்து வண்டிப்பாதையில் அரைக் கிலோமீட்டர். அம்மா அந்த அரைக் கிலோமீட்டரைத்தான் கேட்டாள். காரணம் எனக்குத் தெரியும். அப்பா இறந்த பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த ஒருத்தி, பந்தலில் உட்கார்ந்துகொண்டே, "வண்டி வந்த நேரம் ஆளயே தூக்கிக்கினு போயிடுச்சி" என்று சொன்னாள். அதற்கு முன், வண்டி வந்த அன்றைக்கு, டீக்கடையில் ஒருத்தர், "இவனுக்கு எதுக்கு இம்மாம் பெரிய வண்டி?" என்று கேட்டதும் அம்மாவின் காதில் விழுந்திருந்தது. அவர்கள் எல்லாரும் பார்க்க அது நடந்து வர வேண்டும். இல்லையென்றால் அவர்கள் சொன்னதுதான் நின்றுவிடும் என்று அவள் நம்பினாள்.

நான் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து திண்டிவனத்தில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து வீட்டுக்கு வருவேன். ஞாயிறு முழுக்க வண்டி. பொங்கலுக்கு ஏழு ஞாயிறு இருந்தன.

முதல் ஞாயிறு, வெயிலில் நைந்து கிழிந்திருந்த தார்ப்பாயைப் பிரித்தோம். பானெட்டின் தகட்டில் மழை இறங்கும் அளவுக்கு ஓட்டைகள் விழுந்திருந்தன. நான் கழற்ற வேண்டியதையெல்லாம் பட்டியல் போட்டேன். பக்கத்து மூடிகள், டீசல் பைப்புகள், சைலன்ஸர், வால்வ் மூடி, கடைசியில் சிலிண்டர் ஹெட். ஹெட்டைப் பிடித்திருந்தவை பதினெட்டு நட்டுகள், ஒன்பது ஒன்பதாக இரண்டு வரிசை. ரேடியேட்டர் பக்கத்திலிருந்து மாறி மாறி ஒன்று முதல் பதினெட்டு வரை எண் கொடுத்துப் படம் வரைந்துகொண்டேன். கழன்றால் பச்சை, கழலாவிட்டால் சிவப்பு.

சங்கிலிப் பக்கத்து போல்ட்டுகள் என்னை ஆச்சரியப்படுத்தின. கிரீஸும் மண்ணும் சேர்ந்து கட்டியாக அப்பியிருந்ததால் அவற்றுக்குள் தண்ணீர் போகவே இல்லை. உளியால் மண்ணைச் சுரண்டிவிட்டு ரிங் ஸ்பேனர் போட்டால், முதலில் ஒரு முனகல், பிறகு புதிது மாதிரி திரும்பின. அப்பா எதையும் துடைத்துச் சுத்தமாக வைக்காத ஆள் என்று அம்மா எப்போதும் குறை சொல்லுவாள். அன்றைக்கு அவளிடம் சொன்னேன். "பாத்தியா, அவரு அழுக்கா வெச்சிருந்தது தான் காப்பாத்தியிருக்குது."

"ஆமா. சட்டயும் அதுக்குத்தான் துவைக்காம போட்டுக்கினாரு" என்றாள்.

ஹெட் நட்டுகள் எல்லாவற்றையும் டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊறப்போட்டுவிட்டுப் போனேன். வாரம் முழுக்க, காலையில் நூறு நாள் வேலைக்குப் போகும்போது ஒருமுறையும் திரும்பும்போது ஒருமுறையும், அம்மா பழைய தலைவலித் தைலப் புட்டியில் அந்தக் கலவையை எடுத்துப் போய் ஒவ்வொரு நட்டுக்கும் சொட்டுச் சொட்டாக விட்டாள். பதினெட்டும் விட்டேன் என்று ராத்திரி போனில் சொல்லுவாள்.

இரண்டாம் ஞாயிறு பத்து நட்டுகள் கழன்றன. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வரை. நடுவில் எட்டு நட்டுகள் அசையவில்லை. சைஸ் சரியான ரிங் ஸ்பேனர்தான். இறுக்கும் பக்கம் அசைத்தேன். சுத்தியலால் நட்டின் தலையில் தட்டினேன். எட்டாம் எண்ணில் ஒரு மணி நேரம் போனது. வெயில் ஏறிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. நான்கடி பைப்பை ஸ்பேனரில் மாட்டி முழு உடம்பையும் கொடுத்து இழுத்தேன். நட் அப்படியே இருந்தது, அதன் ஆறு முனைகளும் மழுங்கி உருண்டையாகிவிட்டன. நான் பின்னால் போய் விழுந்தேன். மூன்றாவது விதியை எழுதியது அப்போதுதான்.

அன்று மாலை படத்தைப் பார்த்தபோது சிவப்பு எண்கள் எல்லாம் ஒரு வட்டமாக இரண்டாம் சிலிண்டரைச் சுற்றி நிற்பது தெரிந்தது. அந்த இடத்தில் மட்டும் ஹெட்டின் மேல் வெள்ளையாக ஒரு படிவம் பொருக்குத் தட்டியிருந்தது. துரு அதற்கடியில் அடுக்கடுக்காகத் தூக்கியிருந்தது. பக்கத்தில் எழுதினேன்: ரேடியேட்டர் கசிவா? கசிவு என்றால் ஒன்றாம் சிலிண்டர் பக்கம்தானே அதிகம் இருக்க வேண்டும் என்றும் எழுதினேன். கேள்விக்குறியோடு விட்டுவிட்டுப் பஸ்ஸுக்குப் போனேன். கம்பெனியில் என்றால் இப்படிக் கேள்விக்குறியை விட்டுவிட்டு நகர மாட்டேன். அங்கே தேடுவது என் வேலை. இங்கே நட் கழன்றால் போதும் என்றிருந்தேன்.

மூன்றாம் ஞாயிறு திண்டிவனத்திலிருந்து ஒரு வெல்டரை வரச்சொன்னேன். அப்பாவுக்குப் பிளேடு பற்றவைத்துக் கொடுத்தவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். கேஸ் சிலிண்டர், வெல்டிங் செட், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். என் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"இன்னா இன்ஜினியரம்மா, போல்ட்டுக்கெல்லாம் ஜாதகம் எழுதி வெச்சிருக்கீங்க?"

"எது எப்படிக் கழண்டுச்சின்னு தெரிய வேணாமாண்ணா?"

"கழண்டா தூக்கிப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போவறதுதான். நீங்க எழுதி முடிக்கறதுக்குள்ள அதுவே பேஜாராயி தானா எறங்கி வந்துரும்."

ஆனால் வேலையில் பதறாதவர். நட்டைச் சுற்றி மட்டும் நெருப்பைக் காட்டிச் செக்கச்செவேல் என்று ஆகும் முன்பே எடுத்துவிடுவார். நான் உடனே மெழுகுவத்தியை அதன் அடியில் வைப்பேன். மெழுகு உருகி, சூட்டில் விரிந்த மரைக்குள் இறங்கும். ஆறவிட்டு மறுபடி சூடு, மறுபடி மெழுகு. மூன்று முறைக்குப் பிறகு ஸ்பேனர் போட்டால், கையில் அது தெரியும். இரும்பு வளைவதற்கும் மரை விடுவதற்கும் வித்தியாசம் உண்டு. வளைகிறது என்றால் ஸ்பேனர் மெத்தென்று வரும், அப்போதே நிறுத்திவிட வேண்டும். விடுகிறது என்றால் டக்கென்று ஒரு சத்தம், பிறகு கால் சுற்றுக்கு ஒரு கீச்சு. நாலு, அஞ்சு, பத்து, பதினொன்று நான்கும் அப்படி டக்கென்று விட்டன. படத்தில் நான்கு பச்சை வைத்தேன். இன்னும் நான்குதான். அம்மா மடியில் கை வைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. ஒவ்வொரு டக்குக்கும் வண்டிப்பாதைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

டீ எடுத்துவர அவள் போனாள். வெல்டர் இரண்டாம் சிலிண்டரின் மேலிருந்த வெள்ளைப் பொருக்கை ஸ்க்ரூ டிரைவரால் பெயர்த்து எடுத்தார். விரலில் தேய்த்தார். நான் தடுப்பதற்குள் நாக்கில் வைத்துவிட்டார்.

"கரிக்குது" என்றார். துப்பினார். "இது உப்பு."

"ரேடியேட்டர் தண்ணி உப்புத் தண்ணியா இருக்கும்ண்ணா."

"அந்த உப்பு இப்பிடியா கரிக்கும்? இது கல்லுப்பு. பாருங்க, இன்னும் ரெண்டு கல்லு கரையாமக் கெடக்குது, நாசில் ஓட்டயாண்ட. எந்தப் பேமானி கொண்டாந்து இங்க கொட்டினான்? இல்ல உங்க அப்பா கடலுக்குள்ள வுட்டு ஓட்டினாரா?"

அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா தூக்குப் பாத்திரத்தோடு அவருக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"நாந்தான் வெச்சேன்" என்றாள். குரலில் ஒரு தயக்கமும் இல்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். "அமாவாசைக்கு அமாவாசை வண்டியச் சுத்திட்டு வெப்பேன். கண்ணு கழியணுமில்ல."

அம்மா பிறந்தது மரக்காணம் பக்கம். சின்ன வயதில் உப்பளத்தில் கூடை சுமந்தவள். மாமா வருடா வருடம் ஒரு மூட்டை உப்பு கொண்டுவந்து போடுவார். சுற்றிய உப்பைத் தண்ணீரில் கரைத்துவிடுவது அல்லது நெருப்பில் போடுவதுதான் வழக்கம். காலில் படக் கூடாது. மனையில் நெருப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை.

"கீழ போட்டா யாராச்சும் மெரிப்பாங்க. அதான் மேலயே வெச்சேன்."

"ஏம்மா அந்த எடத்துல?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"அதானே அவரு கடசியா கை வெச்ச எடம்."

அந்தத் துண்டுக் கிழிசல் அடைத்திருந்த துளையின் மேல். தார்ப்பாயை ஓரத்தில் தூக்கி, பானெட்டுக்கு அடியில் கை விட்டு. ஐந்து வருடம், ஒவ்வொரு அமாவாசையும், ஒரு கைப்பிடி. நான் ஹாஸ்டலில் இருந்தேன், பிறகு சென்னையில். எனக்குத் தெரியாது. பானெட் ஓட்டையில் இறங்கிய மழை அதைக் கரைத்து எட்டு நட்டுகளுக்குள்ளும் இறக்கியிருக்கிறது.

வெல்டர் சட்டென்று ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. நா சும்மா சொல்லிக்கினு இருந்தேன். மழதான். மழயில கெடந்தா எல்லா வண்டியும் இப்பிடித்தான். டீ குடுங்க, ஆறிடப் போவுது."

அம்மா டீ ஊற்றவில்லை. ஹெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சொல்லி அவளுக்குப் புரிய வேண்டிய விஷயம் இல்லை அது.

"உப்பளத்துல பம்புசெட்டு ரெண்டு வருசம் தாங்காது" என்றாள் மெதுவாக. "கதவுக் கீலு தாங்காது. மம்பட்டி தாங்காது. எனக்குத் தெரியும்ல. சின்ன புள்ளயிலேருந்து பாத்துக்கினு தான வந்தேன்."

வெல்டர் கேஸ் வால்வை மூடினார்.

"சுத்திப் போட்ட உப்பு வேற, பொழங்கற உப்பு வேறன்னு நெனச்சிக்கினேன்."

பிறகு டீ ஊற்றிக் கொடுத்தாள். குடித்தோம். மீதி நான்கு நட்டுகளையும் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம். அவற்றைக் கழற்றிவிட்டால் உப்பு ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை என்று ஆகிவிடும் போலிருந்தது. ஆறாம் எண் உளி வைத்துப் பிளந்ததும் வந்தது. ஒன்பதும் அப்படியே. நான் மழுக்கிய எட்டாம் எண்ணின் மேல் அவர் ஒரு பெரிய நட்டை வைத்துப் பற்றவைத்தார். அந்தச் சூட்டோடு திருப்பியபோது கீச்சிட்டுக்கொண்டு வந்தது. ஏழு, நாசில் துளைக்கு மிக அருகில் இருந்தது. மூன்று முறை சூடும் மெழுகும் கொடுத்தோம். ஸ்பேனர் மெத்தென்று வந்தது. நிறுத்து என்று எனக்குத் தெரிந்தது. நிறுத்தினேன். ஆனால் நட் மாட்டியிருந்த ஸ்டட், அந்த மரை போட்ட கம்பி, ஏற்கெனவே உள்ளே பாதி தின்னப்பட்டிருந்தது. கையை எடுத்த பிறகு, தானாக, சத்தமில்லாமல், நட்டோடு அதன் தலை ஒரு பக்கம் சாய்ந்து விழுந்தது.

"பரவால்ல, பரவால்ல" என்றார் வெல்டர். "ஹெட்ட எடுத்துட்டா ஸ்டட்ட ட்ரில் போட்டு எடுத்துக்கலாம்."

அம்மா தூக்குப் பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு முன்னால் நடந்து போய்விட்டாள். சாமான்களைக் கட்டும்போது அவர் என்னிடம், "வாய அடக்கி வெச்சிருக்கணும்மா நானு" என்றார். நான் பெயர்த்துப் பார்க்கவே இல்லையே அண்ணா, நீங்கள் பார்த்தீர்கள் என்றேன். உண்மையில் அப்படித்தான் நினைத்தேன். போன வாரமே நான் பார்த்திருந்தால், அம்மா காதுக்குப் போகாமல் தண்ணீர் விட்டுக் கழுவியிருப்பேன்.

நான்காம் ஞாயிறு மூன்று பைப்புகளை முக்காலியாகக் கட்டி, செயின் பிளாக் மாட்டி, ஹெட்டைத் தூக்கப் பார்த்தோம். நட்டுகள் இல்லாமலேயே அது அசையவில்லை. ஸ்டட்டுகளும் ஹெட்டின் துளைகளும் துருவால் ஒன்றாகிப் போயிருந்தன. டீசல், மரச் சுத்தியல், மறுபடி டீசல். மதியத்துக்கு மேல் ரேடியேட்டர் பக்கம் ஒரு நூல் தூக்கியது. பிறகு பின்பக்கம். ஒவ்வொரு மூலையிலும் மரத்துண்டு செருகிச் செருகி, நாலு மணி அளவில் ஹெட் பிரிந்து சங்கிலியில் தொங்கியது. அம்மாவும் கயிற்றைப் பிடித்திருந்தாள். அந்த வாரம் முழுக்க அவள் உப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்டட்டுகளைச் சுற்றி எண்ணெய் மட்டும் தினமும் விட்டாள், எத்தனைக்கு விட்டேன் என்று போனில் சொல்லவில்லை.

ஒன்று, மூன்று, நான்கு சிலிண்டர்கள் நன்றாக இருந்தன. துணியால் துடைத்தால் சுவர் மின்னியது. அதில் என் முகம் கூடத் தெரிந்தது. அப்பா கடைசியாக ஓட்டிய நாளின் கரி பிஸ்டன் தலைகளில் அப்படியே இருந்தது.

இரண்டாவது, கிணறு தூர்ந்த மாதிரி இருந்தது. துளை வழியாகத் துண்டுக் கிழிசலை நனைத்துக்கொண்டு உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கி, ஐந்து வருடம் அங்கேயே நின்று, காய்ந்து, மறுபடி நின்றிருக்கிறது. பிஸ்டன் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. சுரண்டிப் பார்த்தேன். சுவரில் விரல் நுழையும் குழிகள். ஒரு குழியில் கம்பி விட்டபோது ரேடியேட்டர் தண்ணீர் ஓடும் பக்கத்துக்கே போய்விட்டது. இந்த வண்டியில் சிலிண்டரும் எஞ்சின் பிளாக்கும் ஒரே வார்ப்பு. தனியாக மாற்ற முடியாது. வேறு பிளாக்குக்காக அடுத்த பத்து நாள் சென்னைப் புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகக் கடை கடையாக ஏறி இறங்கினேன். பதினோரு கடைகளின் பட்டியல் இருக்கிறது. சிலர் அந்த மாடலைக் கேள்விப்பட்டதே இல்லை. ஒருவர், இருந்தால் நீங்கள் சொல்லுங்கள், எனக்கே வேண்டும் என்றார்.

அம்மாவிடம் நேரில்தான் சொன்னேன்.

"நடக்காதா?" என்றாள்.

"நடக்காதும்மா."

"இழுத்துக்கினு வர முடியாதா?"

"இழுக்கலாம். செயினு சுத்தும். ஆனா அது தானா நடக்கறது இல்ல."

"வேணாம்" என்றாள். "பாடை மாதிரி இருக்கும்."

வேறு வழி இல்லாமல் பழைய இரும்புக்காரர்களுக்கே கொடுத்தோம். அவர்களிடம் நான் ஒன்று மட்டும் கேட்டேன், வெட்டும்போது எங்களைக் கூப்பிட வேண்டாம் என்று. ஆனால் விடிந்ததும் அம்மா போய்விட்டாள். நானும் பின்னால் போனேன். இரண்டு பேர் கேஸ் கட்டரோடு வந்திருந்தார்கள். முதலில் பிளேடு, பிறகு சங்கிலி. நான் இன்னும் கழற்றாமல் விட்டிருந்த போல்ட்டுகளின் மேலேயே நெருப்பு ஒரே கோடாக ஓடியது. கழற்றத் தேவையே இல்லை அவர்களுக்கு. மதியத்துக்குள் லாரியில் ஏற்றிவிட்டார்கள். ரோட்டில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் அம்மாவிடம், "நல்ல வண்டிதான், அவரு போனதும் போச்சி" என்று ஆறுதலாகச் சொன்னார். அம்மா தலையாட்டினாள். மண்ணில் எண்ணெய் ஊறிய இடம் மட்டும் கறுப்பாக நீளமாகக் கிடந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். கேப்பைக் களி, கத்தரிக்காய்க் குழம்பு. குழம்பில் உப்பு இல்லை. களியிலும் இல்லை. நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன். பாதிக்கு மேல் போன பிறகு அம்மா கேட்டாள்.

"உப்பு போடலன்னு சொல்ல மாட்டியா?"

"பரவால்லம்மா."

அவள் தட்டில் களி தொடாமல் இருந்தது.

"ஆஸ்பத்திரியில அந்தச் சின்னப் பொண்ணு டாக்டரு கேட்டுச்சே, சாப்பாட்டுல உப்பு ஜாஸ்தியா சேப்பீங்களான்னு. நீயும் பக்கத்துல தான இருந்த. நா இன்னா சொன்னேன் தெரியுமா? உப்பளத்துக்காரிம்மா நானு, எங்க வூட்டுல எப்பவும் தூக்கலாத்தான் இருக்கும்னு சிரிச்சிக்கினே சொன்னேன்."

எனக்கு நினைவிருந்தது. அந்த டாக்டர் சிரிக்காமல் சீட்டில் எழுதியது வரைக்கும்.

"கருவாடு வெப்பேன். கஞ்சிக்கு உப்புக்கல்லு வெச்சிக் குடுப்பேன். போதலன்னு கேப்பாரு, இன்னும் ரெண்டு கல்லு வெப்பேன்." அவள் என்னை நேராகப் பார்த்தாள். "வண்டியத்தான் நான் கெடுத்துட்டேன். அவரயும் நாந்தானா? படிச்சவ நீ. சொல்லு."

பக்கவாதத்துக்கான காரணங்களை அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோதே நான் டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்திருந்தேன். ஐந்து. அவருக்கு ஐந்தும் இருந்தன. களிக் கையோடு, ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொன்னேன்.

"பிரஷர் மாத்திரை தீர்ந்துபோயி மூணு மாசம் வாங்காம இருந்தாரு. அது ஒண்ணு. பீடி, ரெண்டு. காலையிலேருந்து அந்தச் சூட்டுல தண்ணி குடிக்காம உக்காந்திருந்தது, மூணு. அவங்க அப்பாவும் அப்பிடித்தான் போனாரு, அது ரத்தத்துல வர்றது. நாலு."

அம்மா என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு விரல் மடங்கியிருந்தது. கட்டைவிரல் நீட்டிக்கொண்டு நின்றது.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா" என்றேன். கட்டைவிரலையும் மடக்கிக்கொண்டு, களியை எடுத்து வாயில் வைத்தேன்.